புண்ணின் ஓரம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

மூன்று மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. உன் மனைவியும் எடுப்பதில்லை. உன் பெண் ஒருநாள் எடுத்து, "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லச் சொன்னாரு அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதனால் கவர் வாங்கக் கடைக்குப் போனேன். "எத்தனை வேணும்?" என்றார் கடைக்காரர். உன்னைப் பற்றித் தெரிந்ததால் ஒரு கட்டாகவே வாங்கி வந்துவிட்டேன்.

சண்டை போட எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம்தான். நவம்பரில் உன் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்து காட்டச் சொல்லி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் எழுதியிருந்தது. நானே என் கண்ணால் பார்த்தேன். இப்போது பிப்ரவரி. போனாயா?

போயிருந்தால் "போனேன்" என்று ஒரு வரி எழுது. நான் வாயை மூடிக்கொள்கிறேன். போகவில்லை என்றால் போ.

அன்றைக்கு உன் வீட்டில் நான் சொன்னது தப்பாகிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் காலையும் ரிப்போர்ட்டையும் பார்த்து எனக்கு வந்த சந்தேகம் தப்பில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இந்தக் கடைசி இரண்டு வரியை எழுதியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. பேனாவால் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்கா

---

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

தாளின் பின்பக்கத்தைப் பார்க்காதே. அது லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட். வீட்டில் வெள்ளைத் தாள் எது இருந்தாலும் பெண் எடுத்துப் படம் போட்டுவிடுகிறாள்.

கடிதம் ஒருவகையில் நல்லதுதான். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று பேசுவாய். இதில் நீ நடுவே புக முடியாது.

"என் இடத்தில் யார் இருந்தாலும்" என்று எழுதியிருக்கிறாய். உன் இடத்தில் இருந்துகொண்டு நீ என்ன செய்தாய் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம், "கால நீட்டுடா" என்றாய். நீட்டினேன். விரலால் அழுத்தினாய், குழி விழுந்தது. ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னாய். படித்தாய். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பார், அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "வயித்துல மடிப்பெல்லாம் தடிச்சிருக்கு, காலும் வீங்கியிருக்கு. நாங்க ஆராய்ச்சி பண்றது இதேதான்டா! வயிறு தனக்குத்தானே வளர்ச்சிக் காரணிய அளவுக்கு மேல சுரக்கும், உள்தோல் கண்டபடி வளந்து மடிஞ்சு போயிடும், ரத்தத்துல இருக்கிற புரதம் பூரா வயித்து வழியா ஒழுகிடும். லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும்" என்றாய். பரிசு விழுந்த மாதிரி சொன்னாய் அக்கா. கையில் கரண்டியோடு என் மனைவி அப்படியே நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, நீ ஊருக்குக் கிளம்பிவிட்டாய். என் மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். "எங்கிட்ட மறைச்சு வச்சிருந்தீங்களா" என்று அவள் தினமும் அழுதாள். பெண் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பெரிய டாக்டர் பார்த்துச் சிரித்தார். கால் வீக்கம் நான் சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரையால் வந்தது. மாத்திரையை மாற்றியதும் வடிந்துவிட்டது. மடிப்பு தடித்தது கிருமியால். புண் வந்தது தோள்வலிக்கு நான் விழுங்கிய மாத்திரைகளால். லட்சத்தில் ஒருவனும் இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதான்.

இப்போது வயிற்றில் வலி இல்லை. எரிச்சல் இல்லை. காரம்கூடச் சாப்பிடுகிறேன். அந்தக் குழாயை மறுபடி விழுங்க என்னால் முடியாது. போன தடவை பாதி வழியில் உயிரே போய்விட்டது என்று நினைத்தேன்.

அதனால், போகவில்லை. போகப் போவதும் இல்லை. நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

தம்பி

---

பிப்ரவரி 26

தம்பிக்கு,

என் முகத்தில் வெளிச்சம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். வந்திருக்கும். பதினாறு வருடமாக ஒரே பொருளின் பின்னால் அலைகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் அதுவாகத்தான் தெரியும். உனக்கும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டின் சத்தம்தானே முதலில் காதில் விழுகிறது? உன் மனைவி முன்னால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவ்வளவுதான், இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

வலி இல்லை என்பதால் ஆறிவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறாய். வலி எதனால் நின்றது? அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையால். புண் மேல் அமிலம் படாவிட்டால் வலிக்காது. புண் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வயிற்றின் உள்தோலில் இருக்கிற செல்களைத் தட்டில் வளர்க்கிறோம். உடம்புச் சூட்டிலேயே வைத்த பெட்டிக்குள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரைக்கல் பதித்த மாதிரி பரவும். நன்றாகப் பரவியதும் நுனி மெலிந்த ஒரு பிளாஸ்டிக் குழாயால் நடுவே ஒரு கீறல் போடுவேன். அதுதான் நாங்கள் செய்யும் புண். பிறகு வளர்ச்சிக் காரணியைச் சேர்ப்போம். அது ஒரு செய்தி, அவ்வளவுதான். உடம்பு ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு அனுப்புகிற தகவல். "பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது, நகரு" என்று சொல்லும். பிறகு, "ஆள் போதவில்லை, பெருகு" என்று சொல்லும். கீறலின் ஓரத்தில் இருக்கும் செல்கள் தட்டையாகிக் காலை நீட்டி உள்ளே வரும். அடுத்த நாள் பார்த்தால் கீறல் மூடியிருக்கும்.

இந்தச் செய்தி உன் எச்சிலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டோடும் வயிற்றுக்குப் போகிறது. ஆனால் அதைக் கேட்கிற காது செல்லின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. தோல் முழுசாக இருக்கும்போது எச்சில் மேலோடு வழிந்து போய்விடும், செல்களுக்குக் கேட்காது. புண்ணானால் மட்டும்தான் அடிப்பக்கம் திறந்து, செய்தி போய்ச் சேரும். யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் கேட்கிற ஏற்பாடு. இதை முதல்முறை படித்தபோது எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

ஆகவே அவசரப்படாமல் மென்று சாப்பிடு. டாக்டரிடம் தேதி வாங்கு. குழாய்க்குப் பயம் என்றால் தூக்க ஊசி போட்டுச் செய்வார்கள், கேள்.

அக்கா

---

மார்ச் 8

அக்காவுக்கு,

மென்று சாப்பிடு என்று சொல்வதற்காகவா பதினாறு வருடம் ஆராய்ச்சி செய்தாய்? ஒன்றாம் வகுப்பு டீச்சர் சம்பளம் வாங்காமலே சொன்னார்.

இருந்தாலும் இப்போது மென்றுதான் சாப்பிடுகிறேன். என்னோடு வேலை பார்க்கிற பையன் (உயரத்தால் ஆறடி என்று கூப்பிடுவோம்), "என்ன அண்ணே, பல் வலியா?" என்று கேட்டான். எச்சில் விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் கண்ட இடத்தில் துப்புவதை விட்டுவிட்டான். "மருந்த வீணாக்குவாங்களா?" என்கிறான். உன் ஆராய்ச்சியால் ஒரு லிஃப்ட் மோட்டார் ரூம் சுத்தமாகியிருக்கிறது.

அந்தக் காது அடிப்பக்கத்தில் இருக்கிற சங்கதி நன்றாக இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு ஒரு யோசனை. நீ அந்தக் காரணியையே ஒரு சின்ன பாட்டிலில் அனுப்பிவிடேன். குடித்துவிடுகிறேன். புண் மிச்சம் இருந்தால் அதுவே மூடிக்கொள்ளும். குழாயும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம், உனக்கும் நிம்மதி.

வீட்டில் நிலவரம் சொல்கிறேன். உன் கவர் வந்தது அவளுக்குத் தெரியும். எடுத்து மேஜையில் வைத்தாள், "உங்க அக்கா" என்றாள், உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் உன்னைப் பற்றி இப்போது பேச்சு அவ்வளவுதான். அவள் மேல் கோபப்படாதே. பயந்தவள் கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள்.

போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டைத் தூக்குகிற இரும்பு ரோப்பு மாற்றினோம். தோள் மறுபடி பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய மாத்திரையைப் பாதி மட்டும் போட்டேன். பாதிதான். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி

---

மார்ச் 15

தம்பிக்கு,

பாதி மாத்திரையா? உனக்கு அறிவு இருக்கிறதா? வயிறு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற வழவழப்பையும் சேர்த்தே அந்த மாத்திரை குறைத்துவிடும். ஒருபக்கம் செல்கள் கீறலை மூடப் போராடுகின்றன, நீ மறுபக்கம் உட்கார்ந்து கீறிக்கொண்டிருக்கிறாய். மிச்சத்தைக் குப்பையில் போடு. தோளுக்குச் சூடு ஒத்தடம் கொடு, டாக்டரிடம் வேறு கேள்.

பாட்டில் அனுப்ப மாட்டேன். ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் என் பயமே.

இங்கே நடந்ததைக் கேள். நாங்கள் கீறலில் காரணியை விட்டதும் ஒரே நாளில் மூடியது என்று சொன்னேன் அல்லவா? எங்கள் ஆய்வகத் தலைவர் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். இதைச் சொட்டு மருந்தாகச் செய்ய ஒரு கம்பெனி வேறு வந்து பேசியது. அடுத்த மாதம் பெரிய கூட்டத்தில் அறிவிப்பதாக ஏற்பாடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. மூடிய தட்டுகளை எடுத்து, வயிற்றில் இருக்கிற அளவுக்கு அமிலத்தை ஊற்றிப் பார்த்தேன். மூடின இடம் மட்டும் அப்படியே உரிந்து வந்துவிட்டது. செல்கள் பெருகவே இல்லை. இருந்தவைதான் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன. மேலிருந்து பார்த்தால் ஆறின மாதிரி தெரியும், கீழே ஒன்றும் இல்லை.

சரி, காரணியை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால்? அதையும் செய்தேன். செல்கள் பெருகின. ஆனால் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஒரே இடத்தில் அடங்கி உட்கார்ந்து வழவழப்பைச் சுரக்கிற வேலையை அவை ஆரம்பிக்கவே இல்லை. அந்த வேலையைச் செய்யத்தானே வயிற்றில் அவை இருக்கின்றன?

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "எதுக்கு வேண்டாத வேலை? உங்கள யாரு அமிலம் ஊத்தச் சொன்னது?" என்றார். "வயித்துல தண்ணியா சார் இருக்கு?" என்றேன். அன்றிலிருந்து காலை வணக்கம்கூட நின்றுவிட்டது. வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வளர்ச்சிக் காரணிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. காது உள்ள எந்தச் செல்லுக்கும் "பெருகு" என்றுதான் சொல்லும். ஆறாத புண்ணின் ஓரத்தில் இந்தச் செய்தி மாதக்கணக்கில் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கிருமியும் கூட இருந்திருக்கிறது. அங்கே ஒரு செல் தப்பாக மாறிவிட்டிருந்தால், அதற்கும் அதே ஊட்டம்தான். மேலே தோல் மூடினாலும் அடியில் அது இருக்கும். வயிற்றுப் புண்ணை ஆறிய பிறகும் பார்க்கச் சொல்வது இதனால்தான். சில நேரம் புற்றுநோய்கூட முதலில் சாதாரணப் புண் மாதிரியே இருக்கும், மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கவும் செய்யும்.

உனக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அநேகமாக இருக்காது. ஆனால் அநேகமாக என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எனக்கு நிம்மதியாக இருக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான்டா.

அக்கா

---

மார்ச் 22

நீ எழுதின கடிதத்தை அவள் படித்துவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். கவர் கிழிந்திருந்ததாம், தாள் வெளியே தெரிந்ததாம். ஏதோ ஒன்று. படித்துவிட்டாள்.

ராத்திரி முழுக்க அழுதாள். நான்கு மாதம் கழித்து இப்போதுதான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நீ மறுபடி வந்து அந்த வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். போன தடவை லட்சத்தில் ஒன்று. இந்தத் தடவை புற்றுநோய். அடுத்த தடவைக்கு என்ன வைத்திருக்கிறாய்?

உனக்குப் பயம் என்றால் அதை உன்னிடமே வைத்துக்கொள். பயத்தைக் கவரில் போட்டு அனுப்பாதே.

இனி எழுத வேண்டாம். கவர் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

---

ஏப்ரல் 2

தம்பிக்கு,

கவர் வேண்டாம் என்றாய். இது கார்டு. பிரிக்க வேண்டியதில்லை. உன் மனைவி, மாமியார், தபால்காரர் எல்லாரும் படிக்கட்டும், மறைக்க ஒன்றும் இல்லை.

இங்கே கூட்டத்தில் அறிவிப்பதைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். தலைவர் யாரையோ வைத்து அமிலச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார், அவருக்கும் உரிந்துதான் வந்திருக்கிறது. என்னிடம் இன்னும் பேசவில்லை. வேலை இருக்கிறது.

நீயும் பேச வேண்டாம். இந்த ஜென்மத்துக்கே பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. போய் மட்டும் காட்டு.

இதற்கு மேல் கார்டில் இடம் இல்லை. உனக்கு அதிர்ஷ்டம்.

அக்கா

---

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உன் கார்டைத் தபால்காரர் உண்மையிலேயே படித்திருக்கிறார். கையில் கொடுக்கும்போது, "காட்டிட்டீங்களா சார்?" என்றார். இந்தத் தெருவில் இனி என் வயிறு பொதுச் சொத்து.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. ஒரு விஷயம் நடந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பிரேக் மாற்றினோம். வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்தக் கட்டடத்தின் செயலாளர் வந்து நின்றார். "ஓடுதுல்ல? கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஜனங்க படியேறிச் சாகுறாங்க" என்றார். லோடு டெஸ்ட் முடியாமல் போட மாட்டேன் என்றேன். பெட்டியில் இரும்புக் கட்டிகளை ஏற்றி, தாங்க வேண்டிய எடைக்கு மேலேயே வைத்து, இறங்கும்போது பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. "சத்தம் இல்ல, ஆட்டம் இல்ல, நல்லாத்தான ஓடுது, எதுக்கு சும்மா?" என்றார் அவர். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "வெறும் பெட்டி நல்லாத்தான்யா ஓடும்! ஆள் ஏறினப்புறம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீயா?" என்று ஏழு மாடிக்கும் கேட்கக் கத்தினேன்.

கத்தி முடித்ததும் ஆறடி என்னையே பார்த்தான். அவனிடம் உன் கடிதங்களைப் பற்றி எல்லாம் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.  பிறகு கட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நானும் போனேன். ஒவ்வொரு கட்டியாக வைக்க வைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அசிங்கமாகவும் இருந்தது. ஊரில் இருக்கிறவன் உயிருக்கெல்லாம் டெஸ்ட் வைக்கிறவன் சொந்த வயிற்றுக்குப் பயந்துகொண்டு ஓடுகிறேன்.

வீட்டுக்குப் போய் அவளிடம், "போகலாமான்னு பாக்கறேன்" என்றேன். அவள் அலமாரியைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். உன் கடிதத்தைப் படித்த மறுநாளே போய்த் தேதி வாங்கி வைத்துவிட்டாளாம். நானாகச் சொல்கிற வரைக்கும் காத்திருந்தாளாம். "அப்ப எதுக்கு அன்னிக்கு அப்படி அழுத?" என்றேன். "அழுதா போக மாட்டேன்னு அர்த்தமா?" என்கிறாள். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

வியாழக்கிழமை போய்வந்தோம். தூக்க ஊசி போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. எழுந்ததும் டாக்டர் படத்தைக் காட்டினார். புண் நன்றாகச் சுருங்கி மூடியிருக்கிறது. ஆனால் ஓரத்தில் ஒரு இடம் நிறம் மாறி, கொஞ்சம் மேடாக இருக்கிறதாம். நாலைந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வர நாள் ஆகும் என்றார்.

நீ எழுதின அதே ஓரம்தான்.

தம்பி

---

ஏப்ரல் 26

தம்பிக்கு,

போனாயே, அது போதும்.

மேடாக இருப்பதெல்லாம் கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. ஆறுகிற புண்ணின் ஓரம் அப்படித் தடித்துக்கொள்வது உண்டு. இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை, உண்மை அதுதான். ஆனால் உண்மை தெரிந்திருந்தும் எனக்கு எதுவும் ஓடவில்லை. திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து என் தட்டுகளைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. எங்கேயோ ஒரு மேஜையில் என்னை மாதிரி ஒருத்தி உன் துணுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது வெறும் ஒரு எண். அவள் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இங்கே ஒரு சின்ன நல்ல சேதி. காரணியைக் கொஞ்ச நாள் மட்டும் கொடுத்து, பிறகு சுத்தமாக நிறுத்திய தட்டுகள் இருந்தன. அவற்றில் செல்கள் பெருகி, பிறகு அடங்கி, வழவழப்பைச் சுரக்க ஆரம்பித்துவிட்டன. அமிலம் ஊற்றினேன், உரியவில்லை. எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்பதைவிட எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம் போலிருக்கிறது. தலைவர் வந்து பார்த்தார். "ம்" என்றார். அவர் வாயிலிருந்து "ம்" வருவது பெரிய விஷயம்.

இத்தனை வருடத்தில் என் கணிப்பு பொய்யாக வேண்டும் என்று நான் ஒருமுறையும் ஆசைப்பட்டதில்லை. இப்போது ஆசைப்படுகிறேன். நான் சொன்னது மறுபடி தப்பு, அக்காவுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று நீ எழுத வேண்டும். பெரிய எழுத்தில் எழுது. உன் மாமியாரிடமும் சொல்.

உன் மனைவி தேதி வாங்கி வைத்ததைப் படித்துவிட்டு அழுதேன். அவளிடம் சொல்ல வேண்டாம்.

அக்கா

---

மே 7

அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ வரியைத் தாண்டித் தாண்டிப் படிப்பாய். புற்றுநோய் இல்லை.

ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த மேட்டில் இருந்த செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன. இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். விட்டிருந்தால் ஒரு வருடமோ மூன்று வருடமோ, போயிருக்கலாம் என்றார். வயிற்றை அறுக்க வேண்டாம், குழாய் வழியாகவே அந்த இடத்தைச் சீவி எடுத்துவிடலாம் என்றார். போன வாரம் செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பார்த்துவிட்டு, ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, முழுசாக வந்துவிட்டது என்று நேற்று சொன்னார்கள். கிருமி கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம், அதற்கு மறுபடி மாத்திரை. வருடத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். தோள்வலி மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டேன், ஆறடியே வாங்கிப் போட்டான்.

எனவே நீ கேட்டபடி பெரிய எழுத்தில் எழுத முடியவில்லை. உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

நேற்று டாக்டர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் என் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே, "வலி இருந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "எரிச்சல்? வாந்தி? எடை குறைஞ்சுதா?" ஒன்றும் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வலி நின்னப்புறம் திரும்பி வர்ற ஆளு ரொம்பக் கம்மி. உங்கள யாரு அனுப்பினது?"

"எங்க அக்கா" என்றேன்.

"அவங்க டாக்டரா?"

நீ செய்கிற வேலையை எல்லாம் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தட்டு, கீறல், காது அடிப்பக்கத்தில் இருப்பது எல்லாம் எனக்கு இப்போது தெரியும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பதில் சொல்லிவிட்டாள்.

"இல்ல சார். அக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன். அவள் எடுக்கிறாளாம்.

தம்பி